அம்மா தூக்கிப் பழகிய மண்கட்டி

நம் வயதுக்காரர்களுக்கு டாக்டர்கள் இப்போது ஒரு புது வைத்தியம் சொல்கிறார்கள். நடந்தால் மட்டும் போதாதாம், ஏதாவது எடை தூக்க வேண்டுமாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஆளுக்கு இரண்டாகக் கையில் பிடித்து ஏற்றி இறக்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, நீங்களும் கூடத்தில் நின்றிருப்பீர்கள். அண்மையில் எனக்கும் அந்த உத்தரவு வந்தது. டாக்டர் சின்னப் பெண். "பயப்படாதீங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடை தூக்குவதற்கும் பயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நான் பத்து வயதிலேயே, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவள். தூக்கியது என் அம்மா.

முதலில் ஆண்டைச் சரிசெய்துகொள்கிறேன். நான் சொல்லப்போவது 1972ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்குமான கதை. இதை என் தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் பிறந்தது 1971இல், ஆனால் அவனுடைய பள்ளிச் சான்றிதழின்படி அதற்கும் ஓராண்டு முன்னதாகவே பிறந்துவிட்டான். அந்தச் சான்றிதழை நம்ப முடியாது. அந்நாளில் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இவனுக்கு வயதுக்கு மிஞ்சிய நீளக் கை. தொட்டுவிட்டான். தலைமையாசிரியர் தேவையான ஆண்டைக் கழித்து எழுதிக்கொண்டார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பிறந்தவன் அவன். அதை யாரும் கழித்து எழுத முடியாது, ஏனென்றால் அவனை இடுப்பில் சுமந்தே அந்த வகுப்பில் பாதியை நான் கோட்டைவிட்டேன்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஒரே மாதிரி இரண்டு கோப்பைகள் இருக்காது. பீங்கான் கம்பெனியில் சூளை பிரிக்கும்போது கோணிப்போனவை, காது ஒட்டாதவை, மேல்பூச்சில் கொப்புளம் போட்டவை எல்லாம் ஒதுக்கப்பட்டு வீடுகளுக்கு வந்துவிடும். அப்பா காப்பி குடித்தது ஒரு பக்கம் சாய்ந்த கோப்பையில். அதை மேசையில் வைத்தால் யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் நிற்கும். எனக்கு விளையாடக் கண் எழுதப்படாத ஒரு வெள்ளைப் பொம்மை இருந்தது. இவற்றில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அம்மா அப்படியொரு கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரக் கோப்பைகளை நீளப் பலகையில் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். அந்தப் பலகையைத் தோளில் ஏற்றி உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். சூளையில் சுடாத பச்சைக் கோப்பை, விரல் பட்டாலே வடு விழும். அம்மா பலகையோடு நடந்து வருவதை நான் விடுமுறை நாள்களில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடும், இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. ஊரிலேயே என் அம்மாதான் அழகாக நடப்பவள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

1971 வைகாசியில், தம்பி வயிற்றில் இருந்தபோது, யாரோ சிந்திவிட்டுப் போன மண்கூழில் அம்மா வழுக்கினாள். வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளத் திரும்பியவள் இடது கையை ஊன்றி விழுந்தாள். பலகை முழுவதும் தரையில். கம்பெனியில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பச்ச மண்ணுதானம்மா, தொட்டியில போட்டா திரும்பக் கூழாயிடும். நீ எந்திரி மொதல்ல" என்றாராம் மேஸ்திரி. கோப்பைகள் கூழாகி மறுபடி கோப்பைகள் ஆகிவிட்டன. அம்மாவின் மணிக்கட்டு அப்படி ஆகவில்லை. எலும்பு கட்டுகிறவர் முட்டையும் உளுந்துமாவும் பூசித் துணி சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கொஞ்சம் கனம் எடுத்தால் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.

ஆவணியில் தம்பி பிறந்தான். பேறுகாலத்துக்குத் துணையாகப் பெண்ணாடத்திலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. மாமனார் வீடு, மாடு, கரும்பு எல்லாம் இருந்தும் பிள்ளை இல்லாதவர். அவர் கணவருக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. அத்தை வந்ததும் எங்கள் வீடே துடைத்துவைத்ததுபோல் ஆகிவிட்டது. தம்பியைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, தூளியில் போடுவது எல்லாம் அவர்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அத்தை கடைக்குப் போயிருந்தபோது தம்பி தூளியில் அழுதான். அம்மா போய்த் தூக்கினாள். மார்புவரை கொண்டுவந்தவளுக்குக் கை நடுங்கியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆனது. அவனை அப்படியே தூளியில் திருப்பி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நனைந்த குடையோடு உள்ளே வந்த அத்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"இன்னிமே நீ தூக்காதம்மா. நீ ஒக்காந்து பால் குடு, அது போதும். தூக்கறதுக்கு நாங்க இல்லியா?"

அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. அம்மா பாயில் உட்காருவாள், நாங்கள் தம்பியை எடுத்து மடியில் கிடத்துவோம், பால் குடித்ததும் எடுத்துக்கொள்வோம். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீர்த் தவலை, அம்மிக்கல், அரிசி டின் என்று கனமானவற்றையெல்லாம் தானே எடுத்து நகர்த்திவைத்துவிட்டுப் போவார். அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் கனமாக எதுவும் இருக்கக் கூடாது. அது எவ்வளவு நல்ல மனசு என்று தெருவே பேசியது. ஒவ்வொரு பொருளையும் அப்பா நகர்த்த நகர்த்த, தன்னால் முடியாது என்பது அம்மாவுக்கு இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது என்பதை நானே இந்த வயதில்தான் யோசிக்கிறேன். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பயந்த கோளாறு என்று சொன்னார்கள். சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவதற்காகப் பள்ளிவாசல் முன்னால் பிள்ளைகளோடு நிற்கும் பெண்களின் வரிசையில், கையில் தண்ணீர்ச் சொம்போடு அம்மாவும் நின்றாள். மற்றப் பெண்களின் தோளில் அவரவர் பிள்ளை. அம்மாவின் பிள்ளை என் இடுப்பில். ஊத வந்த பெரியவர் குழம்பிப்போய் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஊதிவிட்டு, "யாருக்கும்மா?" என்றார். "எனக்குத்தான் பாய்" என்றாள் அம்மா, கேட்டும் கேட்காத குரலில்.

பொங்கல் முடிந்ததும் அத்தை ஊருக்குக் கிளம்பினார். ஆலையில் கரும்பு அரவை நேரம், கணவருக்குச் சோறாக்க ஆள் இல்லை. போகுமுன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னதை நான் கேட்டேன்.

"தம்பி, இந்தப் பொண்ணு இடுப்பு ஒடிஞ்சு போவுது. ஸ்கூலும் போவ மாட்டேங்குது. சித்திர பொறந்ததும் வந்து புள்ளய நான் எடுத்துட்டுப் போறேன். நடக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

"நடக்கற வரைக்குந்தானக்கா?" என்றார் அப்பா.

அத்தை பதில் சொல்லாமல் தம்பியின் அரைஞாணைச் சரிசெய்தார். அந்த மௌனத்தை அடுப்படியில் இருந்த அம்மாவும் கேட்டாள்.

இனி மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, அதே கம்பெனியில் அச்சு செய்யும் பிரிவில் வேலை, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். பிளாஸ்டர் தூள் புருவத்தில் படிந்து, பகல் முழுவதும் கிழவர் மாதிரி இருப்பார். மாலையில் குளித்துவிட்டு மணிமுத்தாற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்த தேகப்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவார். கர்லாக்கட்டை, கல்லுருளை, பழைய மில் சக்கரத்தில் கம்பி செருகிய எடை. திரும்பி வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பார்.

"ஊருக்கெல்லாம் தூக்கற. கொல்லயில இருக்கற தவலயத் தூக்கிட்டு வாடா பயில்வான்" என்பாள் அம்மா.

"அதெல்லாம் வூட்டு வேல. இது எக்சசைஸ். வேற நரம்பு."

அத்தை ஊருக்குப் போன அன்று மாமா ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டிருந்தார். அம்மா வழக்கமான கேலி இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"தூக்கறப்ப கை வுட்டுட்டா என்னாடா பண்ணுவீங்க?"

"வுடத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க."

"என்னா?"

"ஆமாக்கா. சேந்த புதுசுல எங்க வாத்தியாரு தூக்கவே வுடல. இடுப்பு வரைக்கும் எடுக்கணும், காலைத் தள்ளி வெச்சிக்கிட்டுக் கீழ போடணும். அதான் பாடம். எப்பிடிப் போடறதுன்னு தெரியாதவன் தூக்க மாட்டான், தூக்குனாலும் பயந்துக்கிட்டே தூக்குவான்னு சொல்லுவாரு."

அம்மா தூளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு செஞ்சி குடு" என்றாள். "புள்ள கனத்துக்கு."

மாமா கம்பெனியிலிருந்து ஒரு சாக்கு நிறையப் பிசைந்த களிமண் கொண்டுவந்தார். தெருமுனை விறகுக் கடைத் தராசில் ஒரு தட்டில் துணி விரித்துத் தம்பியை உட்காரவைத்தோம், மறு தட்டில் மண்ணை அள்ளி அள்ளி வைத்தார் மாமா. விறகுக் கடைக்காரர், "கிலோ என்னா வெலைக்குக் குடுக்கறீங்க?" என்று தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார். தட்டு இரண்டும் சமமானதும் அந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமா உருட்டினார். அச்சு வேலைக்காரர் கை சும்மா இருக்குமா? தலையணை மாதிரி உருட்டத் தொடங்கியவர் துணியில் சுற்றிய குழந்தை மாதிரி ஆக்கிவிட்டார். தலைப்பக்கம் சிறுத்து, நடுவில் சின்னதாக ஒரு மூக்கு வேறு.

அம்மா அதைப் பார்த்தாள். கட்டைவிரலால் மூக்கை அழுத்தி மட்டமாக்கினாள்.

"மூக்கு வேணாம்டா. இதக் கீழ போடணுமில்ல."

ஈரம் புடவையில் ஒட்டாமல் இருக்கப் பழைய நூல்புடவைத் துணியை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்துவிட்டாள். கூடத்தில் தவிட்டுச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டார்கள். முதல் முறை அம்மா குனிந்து அதை எடுத்தாள். இடுப்புவரை வந்தது. இடது கை படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டாள். தொம்மென்று ஒரு சத்தம். தூளியில் தம்பி விழித்துக்கொண்டு அழுதான்.

"கண்ணத் தொறந்துக்கிட்டுப் போடுக்கா" என்றார் மாமா.

அந்தத் தை மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் கேட்டது அந்தச் சத்தம்தான். சோறு கொதிக்கும்போது தொம். வானொலியில் செய்தி வாசிக்கும்போது தொம். பக்கத்து வீட்டுக்காரி மாவு இடிக்கிறோமா என்று கேட்டாள். எட்டிப் பார்த்து, பிள்ளை மாதிரி துணி சுற்றிய ஒன்றை அம்மா வேண்டுமென்றே கீழே போடுவதைக் கண்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனாள். சேதி பெண்ணாடத்துக்கும் போயிருக்கிறது. வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போக வந்த அத்தையின் கணவர் அப்பாவிடம் தணிந்த குரலில், "உங்கக்கா ரொம்ப வெசனப்படறா. மண்ணுல புள்ள மாதிரி செஞ்சி தெனம் கீழ போடறாங்களாமே, நல்லதுக்கா இது?" என்றார். அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

மாசியில் சத்தம் குறைந்தது. அம்மா கட்டியை மார்புவரை தூக்கினாள், பிறகு தோள்வரை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். முதலில் இருந்த நடுக்கம் சிறிது சிறிதாக அடங்கியது. பங்குனியில் நடுக்கமே இல்லை. ஒரு கையில் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் என் தலையைத் தட்டி, "எண்ண வெச்சியாடி?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். மாமா தேகப்பயிற்சிக் கூடத்தில் தன் அக்காவைப் பற்றியே பேசினாராம்.

"இப்பத் தம்பியத் தூக்கும்மா" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் இடுப்பில் தோல் கறுத்துத் தழும்பாகியிருந்தது.

"இரு. இது பஞ்சு மாதிரி ஆவட்டும். கை துளிகூட நடுங்காம இருக்கட்டும். அப்பறம் தொடறேன்."

அது பஞ்சு மாதிரிதான் ஆகிக்கொண்டு வந்தது. சித்திரை பிறந்து, அத்தை பெட்டியோடு வந்து இறங்கினார். வந்ததும் தம்பியை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் அப்போது தவழத் தொடங்கிக் கொழுகொழுவென்று இருந்தான். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வெட்கமும் பெருமையுமாகச் சொன்னாள்.

"அண்ணி, எனக்கு இப்பக் கை நல்லா ஆயிடுச்சி. புள்ள இங்கயே இருக்கட்டும்."

மாமா பாய்ந்துபோய்க் கட்டியைக் கொண்டுவந்தார். "புள்ள கனம் அண்ணி. தராசு வெச்சிச் செஞ்சது. எங்கக்கா ஒத்தக் கையில தூக்கும், பாக்கறீங்களா?"

அத்தை கட்டியை வாங்கிக்கொண்டார். ஓர் இடுப்பில் தம்பி, மறு கையில் கட்டி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாதக்கணக்கில் அந்தப் பிள்ளையைச் சுமந்த கை அது.

"இதுவா புள்ள கனம்? இது ஒரு பூசணிக்கா கூட வராதேப்பா."

மாமா சிரித்தபடி கட்டியைத் திருப்பி வாங்கினார். சிரிப்பு அப்படியே நின்றது. துணியின் தையலைப் பிரித்தார். வாங்கி வந்தபோது கருஞ்சாம்பலாக, கை வைத்தால் குளிர்ந்து கிடந்த மண், வெளிறி, வெடிப்போடி, சுண்ணாம்புபோல் இருந்தது. நகத்தால் சுரண்டினார். தூளாக உதிர்ந்தது.

"காஞ்சிடுச்சிக்கா" என்றார் மாமா. "தண்ணியெல்லாம் போயிடுச்சி."

இதை வேறு ஊரார் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். எங்கள் வீட்டுக்குப் பாதிச் சோறு மண்தான் போட்டது. காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அச்சையே அதற்குத் தக்கபடி பெரிதாகச் செய்வதுதான் மாமாவின் தொழில். கம்பெனியில் காலை முதல் மாலை வரை பேசப்படுவது சுருக்கத்தைப் பற்றித்தான். கோப்பை எவ்வளவு சிறுத்தது என்று அளப்பார்களே தவிர, எவ்வளவு இலேசானது என்று யாரும் நிறுக்க மாட்டார்கள். துணிக்குள் இருந்ததால் நிறம் மாறியதும் தெரியவில்லை. மண் இளைத்துக்கொண்டே போனதை நாங்கள் எல்லோரும் அம்மா பலமாகிக்கொண்டு வருகிறாள் என்று வாசித்தோம். அதே மாதங்களில் தம்பி பெருத்துக்கொண்டே வந்தான்.

அம்மா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா, "போவட்டும் விடு. அக்காகிட்டதான இருக்கப் போவுது" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன வேத்து மனுஷியா?" என்றார். நாளை மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புவது என்று முடிவானது.

மறுநாள் பகலில் அத்தை தம்பியின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா வேலைக்குப் போகாமல் சுவரோரமாகப் படுத்திருந்தார். திடீரென்று அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, தையில மொதமொதல்ல எடுத்தப்ப இது ஈரமாத்தான இருந்துச்சி?"

"ஆமா."

"அப்பதான் முழுக் கனம்?"

"ஆமாக்கா."

"அத நாந்தானடா எடுத்தேன்? பயந்து செத்துக்கிட்டு இருந்தப்பவே எடுத்தேனே!"

மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"போயி ஈர மண்ணு கொண்டா. இப்ப அவன் இருக்கற கனத்துக்கு. அதுக்கு மேல இன்னும் ரெண்டு கை மண்ணு சேத்து வை."

மாமா மண்ணைக் கொண்டுவந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இந்த முறை துணியும் இல்லை, உருவமும் இல்லை. வெறும் கருத்த மொத்தை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டிவைத்து, குந்தி எழுந்தாள். மார்புவரை வந்தது. இடது கை நடுங்கியது. ஒரு மாதத்துக்கு மேலாக நாங்கள் பார்க்காத நடுக்கம். முழங்கை, தோள், தாடை வரைக்கும் நடுங்கியது. மண் ஈரம் புடவையில் இறங்கியது.

"போட்டுடுக்கா, போட்டுடு, சாக்கு இருக்குது" என்றார் மாமா.

அம்மா போடவில்லை. கண்ணைத் திறந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல. நடுங்கிக்கொண்டே இருந்தது. விழவில்லை. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, அந்த மணி தேயும்வரை நின்றாள். பிறகு விரல்கள் தாமாகத் திறக்க ஆரம்பிப்பது எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அதற்குள் குந்தி மண்ணைச் சாக்கில் இறக்கிவிட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "நடுங்குனா உடனே வுட்டுடும்னு நெனச்சிட்டேன்டா. இதுக்கும் அதுக்கும் நடுவுல எம்மாந் தூரம் இருக்குது!"

"அதத்தான் நாங்க எக்சசைஸுன்னு சொல்றோம்" என்றார் மாமா. "நடுங்கறதுக்கு அப்பறம் எண்ணறதுதான் கணக்கு."

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்னாடா பயில்வான்?"

மாமாவுக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவே இல்லையாம். காய்ந்த கட்டி செய்த கெடுதல் எங்களுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கனத்தோடு சேர்த்து நடுக்கத்தையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடுக்கம் நின்றபின் தொடலாம் என்று அம்மா காத்திருந்தாள். நிற்காது என்பது அன்று தெரிந்தது. ஈர மண் கிடைத்திராவிட்டால் அவள் இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பாளோ.

மறுநாள் காலை. பெட்டி வாசலில் இருந்தது. தம்பி பாயில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தூக்க அத்தை குனிவதற்கு முன் அம்மா போய்விட்டாள். மண்ணைத் தூக்கியதுபோலவே காலை அகட்டிக் குந்தினாள். எடுத்தாள். மார்புக்குக் கொண்டுவந்தாள். கை நடுங்கியது.

"அய்யோ, கை நடுங்குதுடி!" அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"நடுங்கட்டும் அண்ணி" என்றாள் அம்மா. "அது நடுங்கும். வுடாது. வுடற மாதிரி இருந்தா எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒக்காந்துடுவேன்."

தம்பி அவள் முகத்தை அந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை. மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அம்மா முகத்தை விலக்கிக்கொண்டாளே தவிரக் கையை அசைக்கவில்லை. அத்தையின் நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு அவற்றை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் பெட்டியைத் திறந்து, தம்பியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தார்.

அந்தக் கைகளைப் பற்றி நான் அன்று நினைக்கவே இல்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று குதித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கும் ஒரு பயம் இருந்தது, வெறும் வீட்டுக்குத் திரும்பிப் போகிற பயம். அதற்குத் தூக்கிப் பழக யாரும் அவருக்கு ஒன்றும் செய்துகொடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் அது அன்றே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் பஸ் நிலையம் வரை அவள் தம்பியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு முறை சைக்கிள் கடை வாசல் பெஞ்சில், ஒரு முறை பாலத்துக் கட்டையில். நாங்கள் யாரும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. அத்தை பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். தம்பியைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். அவ்வளவு உயரம் அவள் மண்ணைக்கூடத் தூக்கியதில்லை.

"வண்டி எடுக்கற வரைக்கும் வெச்சிருங்க அண்ணி" என்றாள்.

அத்தை ஜன்னல் வழியாக அவனை வாங்கிக்கொண்டார். மடியில் இருத்தி, உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டிரைவர் ஏறினார். பஸ் உறுமியது. கண்டக்டர், "யாரும்மா அது, புள்ள வருதா எறங்குதா?" என்று கத்தினார்.

அம்மா இரண்டு கைகளையும் ஜன்னலை நோக்கி உயர்த்தி நின்றாள். கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தை தம்பியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். நீட்டியவர் விடவில்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.

அத்தை கையை எடுத்தார்.

பஸ் நகர்ந்தது. அம்மாவின் கைகளில் லேசாக ஆடியபடி, தம்பி போகிற பஸ்ஸையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.